ஒரு நாளைக்கு நாலு கோடு

கணக்கப்பிள்ளை கஜேந்திரன், செத்துப்போன தன் பெண்சாதியின் குரலை ஒரு நாளைக்குப் பதினேழு தடவை கேட்டுக்கொண்டிருந்தான். அதை நாலாகக் குறைத்தது அவன் தங்கச்சி நிலக்ஷி.

குரல் போனுக்குள் இருந்தது. முப்பத்தெட்டு விநாடி. டவுனில் பழசாக வாங்கிய போன் அது. பேச்சைப் பிடித்து வைக்கும் வசதி அதில் இருப்பதைக் கண்டுபிடித்த அன்றைக்கு, சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க அடுப்படியில் நின்ற பெண்சாதி வடிவுக்கு நேரே நீட்டினான். அவள் பாட்டுக்குப் பேசினாள். பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்து பார்த்தபோது சண்முகவடிவு மண்ணுக்குள் இருந்தாள். ஐப்பசியில் பத்தாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்தது. எட்டுப் பேருக்குக் கொட்டியது. ஏழு பேர் பிழைத்தார்கள்.

அன்று காலை ஆளுக்கொரு நிரையாகச் செடி வரிசைகளைப் பிரித்துக் கொடுத்தவன் கஜேந்திரன்தான். இந்த நிரை உனக்கு, அந்த நிரை உனக்கு என்று கையை நீட்டிக் காட்டியவன். பெண்சாதிக்கு நல்ல நிரையாகக் கொடுக்கிறான் என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, பாறையை ஒட்டிய ஓரத்து நிரையை அவளுக்குக் கொடுத்திருந்தான். குளவிக்கூடு அந்தப் பாறையில்தான் இருந்தது.

அவன் அழவில்லை. பதினாறு கழிந்த மறுநாளே, விடியலில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்குப் போய் நின்றான். வந்தவர்களுக்குப் பேர் போட்டான், நிரை பிரித்தான், கொழுந்து நிறுத்தான். கல்லு மாதிரி இருக்கான் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. உடம்பு நடந்துகொண்டிருந்தது. போனைக் காதில் வைக்கிற முப்பத்தெட்டு விநாடி மட்டும் உள்ளே எதுவோ அசையும். அதற்காகத் திரும்பத் திரும்ப வைத்தான்.

நிலக்ஷிக்கு இருபத்தொரு வயது. மஸ்கெலியாவில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை. போட்டோ கொப்பி அடிப்பாள், இளந்தாரிகளின் போன்களில் பாட்டு ஏற்றிக் கொடுப்பாள். போனோடு திரிந்து கெட்டுப்போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். தானும் ஒரு காலத்தில் கெட்டுப்போனவள்தான்.

"எழுதுண்ணே," என்றாள் மார்கழியில் ஒரு நாள். "ஒவ்வொரு தடவ கேக்குறப்பவும் ஒரு கோடு போடு. பக்கத்துல நேரத்தையும் எழுது."

"எழுதினா?"

"கொறையும். நா ஒரு நாளைக்கு நூத்தி இருவது எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கிட்டிருந்தேன். கடையில நாங்க மூணு பேரு பந்தயம் கட்டுனோம், எண்ணி எழுதுறதுன்னு. மொத நாளு எழுதிப் பாத்தப்ப எனக்கே வெக்கமாப் போச்சு. இப்ப பதினஞ்சுதான்."

"யாருக்கு அந்தப் பதினஞ்சு?"

"ஒன் வேலையப் பாருண்ணே."

"கேக்கவே கூடாதுங்கிறியா?"

"கேக்க வேணாங்கல. நீ கேக்குறியா, இல்ல கை தானாப் போவுதான்னு ஒனக்குத் தெரியணும்ல."

அவன் எழுதத் தொடங்கினான். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் செக்ரோல் கிடக்கும். எவர் எவர் வேலைக்கு வந்தார் என்று அன்றாடம் பேர் போடுகிற புத்தகம். அதில் முன்பக்கமிருந்து தோட்டத்து ஆட்கள். பின்பக்கமிருந்து வடிவு. தேதி, நேரம், கோடு. மார்கழியில் பதினேழு. தையில் பதினொன்று. மாசி முடிய ஏழு. வைகாசியில் மழை இறங்கியபோது நாலில் வந்து நின்றது. விடியப் பெரட்டுக்கு முன்னால் ஒன்று. பிறகு அன்றாடம் கொழுந்து நிறுக்கிற மூன்று நிறுவைக்கும் பின்னால் ஒவ்வொன்று. 5.40, 10.00, 12.40, 4.45.

லயத்துக் காம்பராவில் வைத்துக் கேட்க முடியாது. ஒரு காம்பராவில் மூன்று பேர். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சிக்னல் கிடைக்கிற கோயில் மேட்டிலோ எந்நேரமும் நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். ஆகவே அவன் மொட்டைக்கல்லுக்குப் போனான். பத்தாம் நம்பர் மலையின் தலையில் வழுக்கையாக நிற்கிற பெரிய கல். அங்கே சிக்னல் துளிகூட இல்லை. அதனால் ஆளும் இல்லை. பிடித்து வைத்த குரலுக்குச் சிக்னல் எதற்கு. ஏறி நின்றால் கீழே நீர்த்தேக்கம் கிடக்கும். அதற்கப்பால் அணைக்கட்டு. அணையின் முனையில் மணல்மூட்டை அடுக்கிய காவல் கொட்டில். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. வடக்கே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அணைக்கும் காவல் கூட்டியிருந்தார்கள். கஜேந்திரன் அணையைப் பார்த்தானா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை நிறுவையில்தான் அவன் கல்லுக்குப் போவது முதலில் பேச்சில் வந்தது. இரவெல்லாம் பெய்த மழை அப்போதும் விடவில்லை. பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. கால்களில் அட்டை கடித்த இடங்களில் இரத்தம் சேற்றோடு கலந்து வழிந்தது. காளியாயி கூடையைத் தராசில் மாட்டிவிட்டுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாய்க்குப் பயப்படாதவள்.

"கணக்கப்பிள்ளை, தராசப் பாத்துப் புடிங்க. கல்லுல ஏறப்போற அவசரத்துல என் கொழுந்துல கைய வச்சிறாதீங்க."

"தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கணும் ஆயி. நனஞ்ச கொழுந்து."

"நனையாத கொழுந்து வேணும்னா மானத்துக்கு ஒரு கொட புடிக்கச் சொல்லுங்க தொரைய."

பெண்கள் சிரித்தார்கள். அவன் எழுதினான்.

"அப்படி யாருகிட்டத்தான் பேசுறீங்க? என் மகன் போனுக்கு அந்தக் கல்லுல ஒண்ணும் வரமாட்டேங்குது. ஒங்களுக்கு மட்டும் வருது."

"சும்மா இரு காளியாயி," என்றாள் பின்னால் நின்றவள்.

"நா என்னா கேட்டேன். நாம மட்டுமா பாக்குறோம்? அக்கரையில இருந்து ஆமிக்காரன் தூரக் கண்ணாடி வச்சிப் பாக்குறான். நேத்து வெயில் அடிச்சப்ப மின்னுச்சு. நீங்க ஏறுனா மின்னுது, எறங்குனா நின்னுருது."

கஜேந்திரன் தராசிலிருந்து கண்ணை எடுத்தான். மலை முழுக்க மூடுபனி. அக்கரை தெரியவில்லை. தெரியாததே பயமாக இருந்தது. அங்கிருந்து இங்கே தெரியுமா தெரியாதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அன்று பத்து மணிக்கு அவன் கல்லுக்குப் போனான். ஆனால் உட்கார்ந்து கேட்டான்.

சாயங்காலம் அம்மா வேலாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இறந்து பல வருஷம். அவளே இரண்டு பிள்ளைகளையும் கொழுந்துக் கூடையோடு சுமந்து படிக்க வைத்தவள். நிலக்ஷி மிளகாயைப் போட்டுக் கட்டச்சம்பல் இடித்தாள். ஐந்து மணி பஸ்ஸில் வந்து, நனைந்த சட்டையைக்கூட மாற்றாமல் பேசிக்கொண்டே இடித்தாள்.

"வட்டகொடப் பக்கத்துப் பையன் ஒருத்தன போன ஆடியில புடிச்சாங்கல்ல, கொழும்பு பஸ்ஸில வச்சி. இன்னும் விடலயாம்."

"போனுல என்னா வச்சிருந்தானாம்?" என்றாள் வேலாயி.

"ஒண்ணும் வைக்கல. அதாம்மா குத்தம். பயந்துக்கிட்டு எல்லாத்தையும் அழிச்சிட்டு வெறும் போனாக் கொண்டுபோயிருக்கான். வெறும் போன எவன் வச்சிருப்பான், எதயோ மறைக்கிறேன்னுட்டாங்க. இப்ப எங்க கடையில கொழும்புக்குப் போறவங்களுக்குன்னே தனியா ஏத்துறோம். சிங்களப் பாட்டு அஞ்சு, கிரிக்கெட் படம் ரெண்டு, பூப் படம் ஒண்ணு, குட் மோர்னிங் மெசேஜ் பத்து. தொறந்து பாத்தா ஒரு கவலையும் இல்லாத பையன் மாதிரி இருக்கணும்."

"அது என்னாடி, போனுக்குப் பொட்டு வச்சுப் பூ வச்சு அனுப்புறாப்புல."

நிலக்ஷி சிரித்தாள். கஜேந்திரன் சிரிக்கவில்லை. காளியாயி சொன்னதைச் சொன்னான். உலக்கை நின்றது.

"எத்தன நாளா மின்னுதாம்?"

"தெரியாது."

"நீ எழுதுறியே, அதுல நேரமும் இருக்கா?"

"நீதான எழுதச் சொன்ன."

நிலக்ஷி உலக்கையைச் சுவரில் சாத்தினாள். அணைக்கு எதிரே ஒரு தமிழ் இளந்தாரி. கையில் போன். ஐந்து மாதத்துத் தேதியும் நேரமும் வரிசையாக ஒரு புத்தகத்தில். அவள் மனசில் அது எப்படி ஓடியதென்று கஜேந்திரனுக்குத் தெரிந்தது. தன்னுடைய மனசிலும் அப்போதுதான் அது முதல்முறையாக ஓடியது.

"கிழிச்சிப் போட்ருண்ணே."

"தாளுக்கு நம்பர் இருக்கு. கிழிஞ்சா ஆபிஸ்ல கேப்பாங்க. முன்பக்கம் ஆளுங்க பேரு இருக்கு."

"அப்ப கொரல அழிச்சிரு."

அவன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"எந்தக் கொரல?" என்றாள் வேலாயி. அவளுக்கு எதுவும் தெரியாது. மகன் சிநேகிதர்களோடு பேசப் போகிறான் என்றே நினைத்திருந்தாள். இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ரொட்டி கருகியது.

மூன்றாம் நாள் பெரட்டுக்குப் பொலிஸ் ஜீப் வந்தது. பின்னால் ஒரு லொறி. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தோட்டத்து நாய்கள்கூடக் குரைக்காமல் வடிகானுக்குள் இறங்கிக்கொண்டன. வந்த அதிகாரி உயரமானவர், குரலை உயர்த்தாதவர். கொழுந்து கொட்டுகிற படங்கைத் தரையில் விரிக்கச் சொன்னார். போன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றார். பதினாலு போன் சேர்ந்தது. கொழுந்து மணக்கிற சாக்கின் மேல் கறுப்பும் சிவப்புமாக வரிசையாகக் கிடந்தன. அதில் ஒன்று திடீரென்று ஒரு பக்திப் பாட்டைப் பாடத் தொடங்கியது. பாடி முடிக்கும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மொட்டைக்கல்லில் நிற்கிறவன் யார்?"

அவர் சிங்களத்தில் கேட்டார். கொழுந்து லொறி டிரைவர் இராமையா மொழிபெயர்க்க முன்னால் தள்ளப்பட்டார். அவர் மொழிபெயர்ப்பதற்கு முன்பே கஜேந்திரன் ஒரு அடி எடுத்து வைத்திருந்தான். கூட வந்த பொலிஸ் ராலஹாமி ஒருவர் அவன் சட்டைப் பையைத் தடவிச் செக்ரோலை எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார். அவர் முன்பக்கம் பார்த்தார். பிறகு ஏனோ புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தார்.

வெகுநேரம் புரட்டினார். தன் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து அதையும் இதையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பத்து மணி. பன்னிரண்டு நாற்பது. நாலு நாற்பத்தைந்து. எங்கள் ஆட்கள் எழுதியதும் இதேதான். அந்தக் கல்லில் சிக்னல் இல்லை. நாங்கள் ஆள் அனுப்பிப் பார்த்தோம். அப்படியானால் காதில் வைத்து யாரோடு பேசுகிறாய்?"

"பேசல மாத்தயா. கேக்குறேன்."

"யாரை?"

"என் பெண்சாதிய. அவ செத்துப்போயிட்டா."

இராமையா அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கஜேந்திரனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு படங்கில் கிடந்த போன்களைக் காட்டினார். எது உன்னுடையது? எடு. போடு. சத்தமாகப் போடு.

கஜேந்திரனின் விரல் பொத்தானில் இருந்தது. அதுவரை அந்தக் குரல் அவன் காதைத் தவிர வேறு எங்கேயும் போனதில்லை. அழுத்தினான்.

"என்னங்க, அத சும்மா நோண்டிக்கிட்டே இருக்கீங்க. பைப்புல தண்ணி நிக்கப்போவுது, ரெண்டு கொடம் புடிச்சிட்டு வாங்க. ஒங்கம்மா மலையில இருந்து வர்றதுக்குள்ள இந்தக் கருவாட்டப் பொரிச்சு எறக்கிறணும். வந்தாங்கன்னா, இம்புட்டு எண்ணெயான்னு சட்டிக்குள்ளயே எட்டிப் பாப்பாங்க. என்னா சிரிக்கிறீங்க? போங்க."

பெரட்டுக்களம் முழுக்கக் கேட்டது. ஐந்து வருஷம் அதே களத்தில் பேர் கூப்பிட்டபோது 'இந்தா' என்று சொன்ன குரல். காளியாயி முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கஜேந்திரன் அம்மாவைத் தேடவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டான். வேலாயி கூடைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே நின்றாள்.

"என்ன சொல்கிறாள்?"

இராமையா சொன்னார். கருவாடு என்ற இடத்தில் தடுமாறினார். மாமியார், எண்ணெய், சட்டி என்றார். ராலஹாமி ஒருவர் தன்னை மறந்து, "எங்க அம்மாவும் இப்படித்தான்," என்றார் சிங்களத்தில். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை."

மூன்று தடவை போட வைத்தார். மூன்றாவது தடவை வார்த்தை வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்.

"கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போகலாம். நேரத்தை ஏன் எழுதுகிறாய்?"

"கொறைக்கிறதுக்கு மாத்தயா."

"யார் உத்தரவு?"

கஜேந்திரன் நிலக்ஷியின் பேரைச் சொல்லவில்லை. "நானாத்தான்," என்றான்.

அதிகாரி நம்பினாரா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. புத்தகத்தை அவனிடமே கொடுத்தார்.

"நல்லது. தொடர்ந்து எழுது. எதையும் அழிக்கக் கூடாது. போனிலும் அழிக்கக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு வா. அணையிலிருந்து எங்கள் ஆட்களும் எழுதுவார்கள். உன் புத்தகமும் எங்கள் புத்தகமும் ஒத்து வரவேண்டும். ஒத்து வராவிட்டால் உன்னைக் கொழும்புக்கு அனுப்புவேன். அங்கே கேட்கிறவர்கள் வேறு."

ஜீப் போனது. போன்களை ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்று மாலை வேலாயி கருவாடு பொரித்தாள். போத்தலைக் கவிழ்த்துச் சட்டியில் எண்ணெயை ஊற்றினாள். கருவாடு மிதந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்டேஷனில் சார்ஜன் ஒருவர் இரண்டு புத்தகத்தையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து விரலால் இறங்கினார். தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"செவ்வாக்கெழமை, ஒங்க புக்குல பத்து மணி. நம்ம புக்குல பத்து ஏழு. ஏன்?"

"நெறுவ பிந்திருச்சு மாத்தயா."

"பிந்தினா பிந்தின நேரத்தை எழுதணும்."

அன்றிலிருந்து அவன் கல்லுக்கு ஏறும்போது கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நிறுவை பிந்தினால் பெண்களை அவசரப்படுத்தினான். காளியாயிகூட வாய் திறக்காமல் கூடையை மாட்டினாள். கல்லில் நின்று போனைக் காதில் வைத்தால், வடிவு 'என்னங்க' என்று தொடங்கும்போதே அவன் கண் மணிக்கூட்டு முள்ளில் இருந்தது. முப்பத்தெட்டு விநாடியும் முள் நகர்வதைத்தான் கேட்டான். அக்கரையில் சில நாள் மின்னும், சில நாள் மின்னாது. மின்னாத நாளில் பயம் கூடுதலாக இருந்தது.

ஆனி பிறந்து பத்து நாள் கழித்து ஒரு விடியல். மழை விட்டிருந்தது. பைப்படியில் முகம் கழுவும்போது, இன்றைக்கு இரண்டு தடவை போதும் என்று அவனுக்குத் தோன்றியது. எட்டு மாதத்தில் முதல் தடவை. மனசு கொஞ்சம் இளகி, தானாகவே ஒரு சுமையை இறக்கி வைப்பது போல இருந்தது. தோன்றிய உடனே பயந்துபோனான்.

நிலக்ஷி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னான்.

"ரெண்டு போதும்னு இருக்கு."

அவள் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றாள்.

"இப்ப கொறையக் கூடாதுண்ணே. திடீர்னு கொறஞ்சா, மொத சொன்னது பொய்யிம்பாங்க. நாங்க பாத்துட்டோம்னதும் நிறுத்திட்டான்பாங்க."

"நீதான கொறைக்கச் சொன்ன."

"நாந்தான் சொன்னேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நா எழுதச் சொல்லாம இருந்திருந்தா..."

"பஸ் போயிரும். போ."

அவன் கல்லுக்குப் போனான். நாலு தடவை போனான். மறுநாளும் நாலு. துக்கம் கேட்காத நேரங்களிலும் போய் நின்று துக்கத்தைக் காட்டினான். ஒரு நாள் 4.45க்கு பெட்டரி செத்துப்போனது. அவன் இறங்கவில்லை. செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டு வரை எண்ணிவிட்டு, கோடு போட்டான்.

அந்த வாரமே காய்ச்சல் வந்தது. நனைந்து நனைந்து வந்த குளிர்காய்ச்சல். புதன் இரவு தொடங்கியது. வியாழக்கிழமை விடியலிலும் பத்து மணிக்கும் எப்படியோ போய் வந்தான். வந்து பாயில் விழுந்தவனுக்கு நேரம் தெரியவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் குளவிகள் இரைவது போல இருந்தது. விழித்தபோது மணிக்கூட்டில் 12.31. தலைமாட்டில் போன் இல்லை. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டு இல்லை. வேலைக்குப் போகாமல் அவனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த அம்மாவும் இல்லை.

ஓடினான். பத்தாம் நம்பர் மலையின் குறுக்குப் பாதையில் சேறு காலை இழுத்தது. பனி அடுக்கடுக்காக விலகியது. மொட்டைக்கல்லின் மேல் அவன் மழைக்கோட்டு நின்றது. அவன் தொப்பியும் நின்றது. வேலாயி. போனைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு, அணைக்கு நேரே, விறைத்துப்போய் நின்றாள்.

"அம்மா, என்னா பண்ணுற?"

"கத்தாத. நேரம் தப்பக் கூடாதுன்னுட்டு வந்தேன். ஒன்னய எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கல." போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "இன்னும் பேச மாட்டேங்குறாளே."

அவன் மேலே ஏறினான். கால் வழுக்கியது. அவள் கையிலிருந்து போனை வாங்கித் திருப்பி, பொத்தானை அழுத்தி, மறுபடி அவள் காதில் வைத்தான். 12.40.

வேலாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். களத்தில் கேட்டபோது இரும்பாக நின்ற முகம் இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் அசைந்தது.

"எட்டிப் பாப்பேனாம்ல," என்றாள் முடிந்ததும். "ஒரே ஒரு நாளுதான்டா பாத்தேன். அன்னைக்கு அரைப் போத்தல் எண்ணெய ஊத்தி வச்சிருந்தா. அதப் போயி இப்படிச் சொல்லிட்டுப் போயிட்டா பாரு." மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தாள். "இன்னொரு தரம் போடு."

"ரெண்டாயிரும்மா. எழுதணும்."

"நா கேட்டத நீ ஏன் எழுதணும்?"

போட்டான். இந்தத் தடவை குனிந்து அவனும் மறுபக்கத்தில் காதை வைத்தான். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வடிவு கடைசியில் 'என்னா சிரிக்கிறீங்க' என்கிற இடத்தில், வெகு நாளைக்குப் பிறகு, உள்ளே எதுவோ அசைந்தது.

நிமிர்ந்தபோது பனி கலைந்திருந்தது. நீர்த்தேக்கம் முழுசாகத் தெரிந்தது. அக்கரையில் மணல்மூட்டைகளுக்கு மேலே மின்னியது. நின்றது. மறுபடி மின்னியது.

கல்லில் ஆள் இரண்டு என்று இந்நேரம் அங்கே எழுதியிருப்பார்கள்.

செக்ரோலை எடுத்தான். மழைத்துளி படாமல் குனிந்து பின்பக்கத்தைத் திறந்தான். 12.40. பேனா முனை தாளில் நின்றது. இரண்டு புத்தகமும் ஒத்து வரவேண்டும். இன்னொரு கோடு போட வேண்டும். பக்கத்தில் ஒரு பேர் எழுத வேண்டும். எழுதினால், சனிக்கிழமை சார்ஜனின் விரல் அந்தப் பேரில் வந்து நிற்கும். யார் இது, கூட்டிக்கொண்டு வா என்பார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாதென்று ஒரு தடவை இதே மலையில் அவன் கை வடிவுக்கு அந்த ஓரத்து நிரையைக் காட்டி நீட்டியிருந்தது.

ஒரு கோடு போட்டான். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தான்.

"எத்தன போட்ட?" என்றாள் வேலாயி.

"ஒண்ணு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அக்கரையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எறங்குவமா?"

"நீ முன்னுக்குப் போம்மா. கோட்டக் குடுத்துட்டுப் போ."

வேலாயி கோட்டையும் தொப்பியையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து, வெளியே தலை தெரியாமல் இறங்கிப் போனாள். அவன் கோட்டைப் போட்டுக்கொண்டான். அது இன்னும் சூடாக இருந்தது. தனியாக ஒருவன் நிற்கிறான் என்று அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று, காய்ச்சல் நடுக்கத்தோடு வெகுநேரம் அங்கேயே நின்றான்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.